மூன்று இ.டி.டி. (பிரசவம் எதிர்பார்க்கும் நாள்) தேதி வந்திருக்கு, தாயின் அட்டையில் எதைப் போடுவது? (7 வார, 12 வார சி.ஆர்.எல்., அதாவது தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை கருவின் நீளம்)

நெல்லிக்குப்பம்_நர்ஸ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் பதிவு செய்த ஒரு தாய். தலைப்பிரசவம், வயது 24. எல்.எம்.பி. (கடைசி மாதவிடாய் தொடங்கிய நாள்) ஜனவரி 2. தேதியை உறுதியாகச் சொல்கிறார். ஆனால் மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும், சில மாதம் 37 நாள்கூட ஆகுமாம்.

முதல் ஸ்கேன் பிப்ரவரி 27, அம்மா வீட்டில் இருந்தபோது புதுச்சேரியில் எடுத்தது. டி.வி.எஸ். (யோனி வழி ஸ்கேன்), சி.ஆர்.எல். 10 மி.மீ., 7 வாரம் 1 நாள், இதயத் துடிப்பு 132, இ.டி.டி. அக்டோபர் 15.

இரண்டாவது ஸ்கேன் ஏப்ரல் 3, கடலூரில். சி.ஆர்.எல். 58 மி.மீ., 12 வாரம் 2 நாள், என்.டி. (கருவின் பிடரியில் உள்ள நீர் அடுக்கின் தடிமன்) 1.4 மி.மீ., மூக்கு எலும்பு தெரிகிறது. மெஷின் கணக்கில் இ.டி.டி. அக்டோபர் 14. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "எல்.எம்.பி.யோடு ஒத்துப்போகிறது, இ.டி.டி. அக்டோபர் 9" என்று இருக்கிறது.

அட்டையில் நான் ஜனவரி 2-ஐ வைத்து அக்டோபர் 9 என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது மூன்று தேதி ஆகிவிட்டது. எல்.எம்.பி. கணக்குக்கு 5 நாள் பின்தங்கியிருக்கு என்று யாரோ சொல்லிவிட்டதால், பிள்ளைக்கு வளர்ச்சி குறைவோ என்று மாமியார் கவலைப்படுகிறார். எந்தத் தேதி சரி? வளர்ச்சி குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? டபுள் மார்க்கர் சோதனைக்கு (டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு வாய்ப்பைப் பார்ப்பது) ரத்தம் இன்னும் அனுப்பவில்லை. லேப் படிவத்தில் என்ன எழுதுவது?

ரேடியாலஜி_பாண்டி

சிஸ்டர், அக்டோபர் 15. பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைவு எதுவும் இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

ஜனவரி 2-லிருந்து பிப்ரவரி 27 வரை 56 நாள், அதாவது 8 வாரம். அன்று அளந்தது 10 மி.மீ. நீளத்தை வைத்துக் கர்ப்ப நாளைக் கணக்கிடும் ராபின்சன் சூத்திரப்படி அது 50 நாள், 7 வாரம் 1 நாள். வித்தியாசம் 6 நாள். 8 வாரம் 6 நாள் வரைக்கும் எல்.எம்.பி.க்கும் சி.ஆர்.எல்.லுக்கும் 5 நாளுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஸ்கேன் தேதிக்கு மாறிவிட வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஏகாக் வைத்திருக்கும் வரம்பு. 9 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரைக்கும் அந்த வரம்பு 7 நாள். ஆகவே பிப்ரவரி 27 அன்றே இவருடைய தேதி மாறிவிட்டது. அன்று 50 நாள் என்றால் மொத்தம் 280-இல் மீதி 230 நாள், அக்டோபர் 15.

இரண்டாவது ரிப்போர்ட்டில் நடந்தது இதுதான். ஏப்ரல் 3 அன்று எல்.எம்.பி. கணக்கில் 91 நாள், சி.ஆர்.எல். கணக்கில் 86 நாள். வித்தியாசம் 5. அந்த வாரத்துக்கு வரம்பு 7 நாள் என்பதால் "ஒத்துப்போகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஸ்கேனை மட்டும் தனியாகப் பார்த்தால் அந்த வரியில் தப்பில்லை. முதல் ரிப்போர்ட் அவர்கள் கையில் இருந்திருந்தால் எல்.எம்.பி.யோடு ஒப்பிட வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஏற்கெனவே மாற்றிய தேதியோடுதான் ஒப்பிட்டிருப்பார்கள். பாண்டியில் ஒரு ஸ்கேன், கடலூரில் ஒரு ஸ்கேன் என்று எடுப்பவர்களிடம் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். பழைய ரிப்போர்ட், பிலிம் இரண்டையும் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இனி வளர்ச்சி. முதல் ஸ்கேனுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 35 நாள். அதே 35 நாளில் கரு 50-லிருந்து 86-க்கு, அதாவது 36 நாள் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இதற்கு மேல் ஒழுங்கான வளர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. எல்.எம்.பி.யோடு இருக்கும் இடைவெளி முதல் ஸ்கேனில் 6 நாள், இரண்டாவதில் 5 நாள். வளர்ச்சி உண்மையிலேயே குறைந்திருந்தால் இந்த இடைவெளி வர வர அகலமாகியிருக்கும். அப்படியே நிற்கிறது என்றால் கரு உண்டான நாளே பிந்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பம்_ஓ.ஜி.

மேலே சொன்னதற்கு முழு ஆதரவு. ஒன்றைச் சேர்க்கிறேன்: 35 நாள் சுழற்சி என்பதுதான் இந்தக் கதையின் விடை.

ஜனவரி 2-உடன் 280 நாள் கூட்டும் கணக்கு, 28 நாள் சுழற்சியில் 14-ஆம் நாள் முட்டை வெளியாகும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. சுழற்சி 35 நாள் என்றால் முட்டை ஏறக்குறைய 21-ஆம் நாளில்தான் வரும். அந்த 7 நாளைக் கழித்தால் பிப்ரவரி 27 அன்று 49 நாள். ஸ்கேன் 50 சொல்கிறது. தாய் சொன்ன தேதியும் சரி, ஸ்கேனும் சரி. 28 நாள் என்ற அனுமானம்தான் இவருக்குப் பொருந்தவில்லை. எனவே எல்.எம்.பி. கேட்கும்போதே "எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், முந்தின மாதம் எப்போது வந்தது, பால் கொடுக்கிறீர்களா, கருத்தடை மாத்திரை எப்போது நிறுத்தினீர்கள்" என்பதையும் கேட்டு ஓரமாக எழுதிவிடுங்கள். முதல் ஸ்கேன் செய்கிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

அட்டையில் எல்.எம்.பி.யை அழிக்காதீர்கள், அது தாய் சொன்ன தகவல். பிக்மி (அரசின் கர்ப்பிணிகள் பதிவுத் தளம்) பதிவிலும் அது அப்படியே இருக்கட்டும். இ.டி.டி. இருக்கும் இடத்தில் அக்டோபர் 9-ஐ ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் "ஸ்கேன் இ.டி.டி. அக்டோபர் 15, பிப். 27, சி.ஆர்.எல். 10 மி.மீ." என்று எழுதி, எம்.ஓ.விடம் (மருத்துவ அலுவலர்) கையெழுத்து வாங்குங்கள். அளவும் ஸ்கேன் தேதியும் இல்லாமல் வெறும் தேதி மட்டும் இருந்தால், பிரசவத்துக்கு எங்கே போய் நின்றாலும் அதை எந்த அடிப்படையில் மாற்றினார்கள் என்று தெரியாமல் மறுபடி எல்.எம்.பி.க்கே போய்விடுவார்கள்.

அதன் பிறகு எந்த ஸ்கேன் எந்த இ.டி.டி.யைக் காட்டினாலும் இதைத் தொடக்கூடாது. உறுப்புக் குறைபாடு பார்க்கும் 20 வார அனாமலி ஸ்கேனில் ஒரு தேதி வரும், 32 வாரத்தில் இன்னொன்று வரும். அவை எல்லாம் அன்றைய தலை அளவு, தொடை எலும்பு அளவை வைத்து மெஷின் தானாகப் போடும் தேதி. ஒவ்வொரு தடவையும் இ.டி.டி.யை அதற்கு ஏற்ப நகர்த்தினால், உண்மையிலேயே வளராத குழந்தையும் "வாரத்துக்குச் சரியான அளவு" ஆகிவிடும். நாம் கண்டுபிடிக்க வேண்டிய குழந்தையை நாமே மறைத்துவிடுவோம்.

6 நாள்தானே என்று விட முடியாது. அக்டோபர் 9-ஐ நம்பி 41 வாரம் ஆகிவிட்டது என்று வலி வரவைக்கச் சேர்த்தால், அந்தத் தாய்க்கு உண்மையில் 40 வாரம் 1 நாள்தான். கர்ப்பப்பை வாய் பக்குவப்படாமல் இன்டக்‌ஷன் இழுத்துக்கொண்டு போகும், பலருக்கு அது சிசேரியனில் முடியும். குறைமாதத்தில் வலி வந்தால் ஸ்டீராய்டு ஊசி போடும் 34 வார எல்லையும் இதே தேதியை வைத்துத்தான் பார்க்கப்படும்.

பி.ஜி._முதலாண்டு

ஒரு சந்தேகம் டாக்டர். முதல் ஸ்கேனில் 10 என்பதற்குப் பதில் 11 மி.மீ. என்று அளந்திருந்தால் 51 நாள் வரும், வித்தியாசம் 5, தேதியை மாற்றியிருக்க மாட்டோம். 1 மி.மீ.யில் முடிவே மாறுகிறதே? 58 மி.மீ. ஸ்கேனைத்தானே அதிகம் நம்ப வேண்டும்?

கருநலப்பிரிவு

நல்ல கேள்வி. ராபின்சன் சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம்: நாள் = 8.052 × (சி.ஆர்.எல். × 1.037)-இன் வர்க்கமூலம் + 23.73. 10 மி.மீ. அளவில் 1 மி.மீ. பிழை சுமார் ஒன்றேகால் நாளைத் தள்ளும். 58 மி.மீ. அளவில் அதே 1 மி.மீ. அரை நாள்தான். சின்னக் கருவில் கேலிப்பர் (அளவெடுக்கத் திரையில் வைக்கும் குறி) கொஞ்சம் நகர்ந்தாலே நாள் மாறும் என்பது உண்மை. சர்வதேச மகப்பேறு அல்ட்ராசவுண்ட் சங்கமான ஐசுவாக், தேதி குறிக்க 8 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரையிலான அளவைப் பரிந்துரைப்பதற்கும் இது ஒரு காரணம்.

ஆனால் இவர் விஷயத்தில் எதிர்ப்பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்.எம்.பி. தேதி சரியாக இருக்க வேண்டுமானால் பிப்ரவரி 27 அன்று கரு 15-16 மி.மீ. இருந்திருக்க வேண்டும், இருந்தது 10. ஏப்ரல் 3 அன்று 67 மி.மீ. இருந்திருக்க வேண்டும், இருந்தது 58. ஒரே பக்கமாக, ஒன்றில் 5 மி.மீ., மற்றதில் 9 மி.மீ. பிழை, அதுவும் இரண்டு ஊரில் இரண்டு மெஷினில் இரண்டு பேர் செய்தார்கள் என்பது நடக்கிற காரியமா? சுழற்சியும் அதையேதான் சொல்கிறது. 15-ஆ 14-ஆ என்பதில் சண்டை போட ஒன்றுமில்லை. 10 மி.மீ. அளவு தெளிவாக, துடிப்போடு இருப்பதால் அதையே நிலைநிறுத்துங்கள். முதல் ஸ்கேன் 4 அல்லது 5 மி.மீ. கருவாகவோ, வெறும் சாக் (கருவைச் சுற்றியுள்ள பை) அளவாகவோ இருந்திருந்தால் நான் 58 மி.மீ.யைத்தான் எடுத்திருப்பேன்.

இன்னொன்று, மெஷினில் எந்த அட்டவணை போட்டிருக்கிறது என்று பாருங்கள். ராபின்சன், ஹாட்லாக், இண்டர்குரோத் என்று பல உண்டு. 58 மி.மீ.க்கு ராபின்சனும் இண்டர்குரோத்தும் 86 நாள் என்றே சொல்லும். 10 மி.மீ.க்கு ராபின்சன் 50 நாள், இண்டர்குரோத் சூத்திரத்தை அப்படியே போட்டால் 54-55 நாள்! இண்டர்குரோத் 9 வாரத்துக்கு மேற்பட்ட கருக்களை அளந்து உருவாக்கிய சூத்திரம். அதை 7 வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகக்கூடாது. புது மெஷின் வந்ததும் முதல் நாளே செட்டிங்கில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. ரிப்போர்ட்டில் வாரத்தை மட்டும் எழுதாமல் மி.மீ. அளவையும் கட்டாயம் எழுத வேண்டும் என்பதும் இதனால்தான். மி.மீ. இருந்தால் யார் வேண்டுமானாலும் மறுபடி கணக்குப் போடலாம்.

டபுள் மார்க்கருக்கு: படிவத்தில் எல்.எம்.பி. வாரத்தை எழுதாதீர்கள். சி.ஆர்.எல். 58 மி.மீ., ஸ்கேன் தேதி ஏப்ரல் 3, ரத்தம் எடுத்த தேதி, தாயின் எடை, இவற்றை எழுதுங்கள். இந்தச் சோதனை தாயின் ரத்தத்தில் அளப்பது பாப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டை. இந்த வாரங்களில் பாப்-ஏ வேகமாக ஏறும், பீட்டா எச்.சி.ஜி. இறங்கும். உண்மையில் 12 வாரத் தாயை 13 வாரம் என்று எழுதினால் பாப்-ஏ குறைவாகவும் எச்.சி.ஜி. அதிகமாகவும் தோன்றும். டவுன் சிண்ட்ரோமில் வரும் உருவம் அதுவேதான். தேதிப் பிழையால் மட்டும் "ஹை ரிஸ்க்" வந்து, ஒரு குடும்பம் பனிக்குட நீர் சோதனை வரைக்கும் பயந்து ஓடும். என்.டி.க்கு இந்தச் சிக்கல் இல்லை, அது சி.ஆர்.எல்.லோடுதான் ஒப்பிடப்படுகிறது. 45-லிருந்து 84 மி.மீ.க்குள் இருந்தால் போதும், இவருக்கு 1.4 இயல்பான அளவு.

நெல்லிக்குப்பம்_நர்ஸ்

மிக்க நன்றி டாக்டர். எம்.ஓ.விடம் காட்டி மாற்றிவிடுகிறேன். ஸ்கேன் படத்தைப் பார்த்து, அளவு ஒழுங்காக எடுத்திருக்கிறார்களா என்று எங்களைப் போன்றவர்கள் ஓரளவு புரிந்துகொள்ள வழி உண்டா?

ரேடியாலஜி_பாண்டி

உண்டு. 11-13 வாரப் படமாக இருந்தால் முதலில் பெரிதாக்கி எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கரு மட்டும் படத்தின் பெரும்பகுதியை நிறைத்திருக்க வேண்டும். மூலையில் சின்னதாகக் கிடந்தால் கேலிப்பர் எங்கே நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கரு பக்கவாட்டில் படுத்த மாதிரி, தலை உச்சியும் பிட்டமும் ஒரே வெட்டில் தெளிவாகத் தெரிய வேண்டும். முகத்தின் பக்கத் தோற்றமும் முதுகெலும்பும் தெரிந்தால் நடு வெட்டு என்று நம்பலாம். கேலிப்பர் இரண்டும் தோலின் வெளி விளிம்பில் நிற்க வேண்டும்.

அடுத்து தாடை. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கொஞ்சம் கறுப்பாகப் பனிக்குட நீர் தெரிந்தால் தலை இயல்பு நிலையில் இருக்கிறது. தாடை நெஞ்சில் ஒட்டியிருந்தால் கரு சுருண்டிருக்கிறது, அளவு குறையும். தலை பின்னால் சாய்ந்திருந்தால் அளவு கூடும். கரு சுருண்டு கிடந்தால் தாயைக் கொஞ்சம் இருமச் சொல்லியோ, ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, பத்து நிமிடம் நடக்க விட்டோ மறுபடி பார்ப்போம். மூன்று தரமான படம் எடுத்து அளந்து, அவற்றில் சிறந்ததை எழுதுவது வழக்கம்.

7-8 வாரத்தில் தலை, பிட்டம் என்று பிரித்துத் தெரியாது. கருவின் அதிகபட்ச நீளத்தைத்தான் அளக்கிறோம். அங்கே வரும் பெரிய தப்பு யோக் சாக்கைச் சேர்த்து அளப்பது. கருவை ஒட்டி வளையம் மாதிரி இருக்கும் அதை ஒரு முனையாக எடுத்துவிட்டால் 3-4 மி.மீ. கூடிவிடும். இன்னொரு தப்பு சாய்வான வெட்டு, அதில் நீளம் குறையும். ப்ரோபை (ஸ்கேன் செய்யும் கைக்கருவி) மெதுவாகத் திருப்பிக்கொண்டே போய், நீளம் அதிகமாகத் தெரியும் இடத்தில் ஃப்ரீஸ் செய்ய வேண்டும்.

சிறுநீர்ப்பை விஷயம் தாய்மார்களுக்குச் சரியாகச் சொல்லப்படுவதில்லை. வயிற்று வழி ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன் மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் போதும். பஸ் ஏறும் முன்பே இரண்டு பாட்டில் குடித்துவிட்டு வந்தால் பை அளவுக்கு மீறி நிறைந்து, கர்ப்பப்பையைப் பின்னால் தள்ளி, சாக்கையும் நசுக்கும். டி.வி.எஸ்.க்கு சிறுநீர் கழித்துவிட்டுத்தான் வர வேண்டும். டி.வி.எஸ். செய்தால் கரு கலைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களிடம், ப்ரோப் யோனிக்குள்தான் நிற்கிறது, கர்ப்பப்பைக்குள் போவதில்லை என்று சொல்லுங்கள்.

படத்தில் டி.ஐ. என்று ஒரு எண் இருக்கும், வெப்பக் குறியீடு. ஆரம்ப மாதங்களில் அது 0.7-க்குள் இருப்பது நல்லது. இதயத் துடிப்பை எம்-மோடில் (அசைவைக் கோடாக வரைந்து காட்டும் முறை) எண்ண வேண்டும். வெறும் துடிப்பு கேட்பதற்காக இந்த வாரங்களில் பல்ஸ்டு டாப்ளர் (துடிப்பைச் சத்தமாகக் கேட்கவைக்கும் முறை) போடத் தேவையில்லை. உறவினர்கள் சத்தம் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள், அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மஞ்சக்குப்பம்_ஓ.ஜி.

இதோடு இரண்டு விதிவிலக்கு. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) கர்ப்பத்தில் சி.ஆர்.எல்.லை வைத்துத் தேதியை மாற்றக்கூடாது. 5-ஆம் நாள் கருவை வைத்த தேதியோடு 261 நாள் கூட்டினால் இ.டி.டி. வரும், அதுதான் கடைசி வார்த்தை. அங்கே சி.ஆர்.எல். ஒரு வாரம் பின்தங்கினால் அது தேதிப் பிழை அல்ல, குரோமோசோம் கோளாறு உட்பட வேறு காரணம் தேட வேண்டும். இரட்டைக் கருவில் பெரிய சி.ஆர்.எல். உள்ளதை வைத்துத் தேதி போடுவோம், சின்னதை வைத்து அல்ல.

வில்லியனூர்_செவிலியர்

இதே தலைப்பு என்பதால் இங்கேயே கேட்கிறேன். எங்கள் பக்கம் ஒரு தாய்க்கு எல்.எம்.பி.படி 7 வாரம். டி.வி.எஸ்.ஸில் சி.ஆர்.எல். 4 மி.மீ., துடிப்பு இல்லை. லேசான பழுப்புக் கசிவு மட்டும், வலி இல்லை. "கரு வளரவில்லை, சுத்தம் செய்துவிடலாம்" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். என்ன சொல்வது?

கருநலப்பிரிவு

சுத்தம் செய்யக்கூடாது. 4 மி.மீ.யில் துடிப்பு தெரியாததை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. டி.வி.எஸ்.ஸில் சி.ஆர்.எல். 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து துடிப்பு இல்லை என்றால்தான் கரு நின்றுவிட்டது என்று சொல்லலாம். கருவே தெரியாமல் சாக் மட்டும் இருந்தால் அதன் சராசரி விட்டம் 25 மி.மீ. ஆகியிருக்க வேண்டும். முன்பு 5 மி.மீ., 16 மி.மீ., 20 மி.மீ. என்ற வரம்புகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் உயிருள்ள கருவும் சிக்கக்கூடும் என்று தெரிந்ததால்தான் வரம்பை உயர்த்தினார்கள். இவருக்கும் சுழற்சி நீளமாக இருந்தால் இன்று உண்மையில் 6 வாரமாக இருக்கலாம், அப்போது 4 மி.மீ. வயதுக்கு ஏற்ற அளவே.

சாக்கின் சராசரி விட்டம் என்பது மூன்று பக்க அளவின் சராசரி. 18, 14, 16 என்றால் கூட்டி மூன்றால் வகுத்து 16 மி.மீ. ஒரே பக்கத்தை மட்டும் அளந்து எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

குறைந்தது 7 நாள் விட்டு மறுபடி டி.வி.எஸ்., முடிந்தால் அதே மெஷினில், அதே மருத்துவரிடம். இரண்டாவது நாளே வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதால் பயன் இல்லை. கரு ஒரு நாளைக்கு 1 மி.மீ.யை ஒட்டித்தான் வளரும், அளவுப் பிழையே அந்த அளவு இருக்கும். ஒரு வாரத்தில் உயிருள்ள கரு 9-10 மி.மீ. ஆகி, துடிப்பும் தெளிவாகத் தெரியும்.

காத்திருக்கும் நாட்களில் கவனிக்க வேண்டியது: மணிக்கு ஒன்றிரண்டு பேட் நனையும் அளவு ரத்தப்போக்கு, ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை வலி, மயக்கம், காய்ச்சல். இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ரத்த வகையை இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். ஆர்.எச். நெகட்டிவ் என்றால் அதைச் சிவப்பு மையில் அட்டையின் மேலேயே குறித்து, கசிவு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். ஆன்டி-டி ஊசி தேவையா என்று அங்கே முடிவு செய்வார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.